தாய்ப்படி

பாட அறிமுகம்

ஒருவரின் கைத்திறன் அவரோடு மறைந்துவிடாமல் பிறருக்கும் பயன்பட வேண்டுமானால், அதனை எழுத்திலோ வரைவிலோ பதித்து வைத்தல் வேண்டும். புலவரின் சொல்லை ஓலைச்சுவடி காத்தது. தையற்கலைஞரின் அளவையும் வெட்டையும் காப்பது காகித மாதிரியாகும். அம்மாதிரியைப் படியெடுக்கும் முறையையும் பேணும் முறையையும், நம் பகுதியின் வரலாற்றில் தையலுக்கு இருந்த இடத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

1. காகித மாதிரி

துணியை நேரடியாக வெட்டினால் பிழையைத் திருத்த இயலாது. ஆகவே, ஆடையின் முன்பாகம், பின்பாகம், கை, கழுத்துப்பட்டை ஆகிய உறுப்புகளை முதலில் தாளில் வரைந்து வெட்டிக்கொள்வர். இதனைத் தையற்கடைகளில் பேட்டர்ன் என்பர். இம்மாதிரியைத் துணிமேல் வைத்து, அதன் விளிம்பை ஒட்டிச் சாக்குக்கட்டியால் கோடிட்டு வெட்டுவர். ஒரே அளவில் நூறு ஆடைகள் தைக்க வேண்டியிருப்பினும் அளவெடுப்பதும் கணக்கிடுவதும் ஒருமுறையே நிகழும். பள்ளிச் சீருடை தைப்போர்க்கு இம்மாதிரியே முதலாகும்.

உடை வெட்டும் முறையைத் தாளில் பதிக்கும் வழக்கம் பழையது. 1580ஆம் ஆண்டில் எசுப்பானிய நாட்டின் மத்ரீது நகரில் உவான் தெ அல்செகா என்னும் தையற்கலைஞர் வெட்டு வரைபடங்கள் அடங்கிய நூல் ஒன்றை வெளியிட்டார். முழு அளவுக் காகித மாதிரிகளைப் பல உடலளவுகளில் தயாரித்து விற்கும் தொழிலை, 1863ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்தில் எபனேசர் பட்டரிக் தொடங்கினார். அதன்பின், தையற்காரரிடம் நேரில் பயிலாதவரும் தம் வீட்டிலேயே உடை தைத்துக்கொள்ளும் நிலை பரவியது. அறிவு ஒருவர் கையிலிருந்து தாளுக்கு மாறியதன் பயன் இது.

2. தென்திருவிதாங்கூரும் ஊசியும்

இன்று பாறசாலைக்கு அப்பால் தமிழ்நாடு தொடங்குகிறது. 1956 நவம்பர் 1ஆம் நாளுக்கு முன்பு நெய்யாற்றின்கரை, காட்டாக்கடை, விளவங்கோடு, நாகர்கோவில் ஆகியவை ஒரே நாட்டில் இருந்தன. ஆகவே, நாகர்கோவிலின் தையல் வரலாறு இவ்வெல்லைச் சிற்றூர்களின் வரலாறும் ஆகும்.

1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் என்னும் ஆங்கிலப் பெண்மணி, பெண்குழந்தைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்தினார். எழுத்தும் கணக்கும் கற்ற மாணவியர்க்கு அங்கு ரேந்தைப் பின்னலும் கற்பிக்கப்பட்டது. ரேந்தை என்பது லேஸ் என இன்று வழங்கும் நூற்பின்னலாகும். அக்காலத் திருவிதாங்கூரில் அடிமை முறை நிலவியது. 1855ஆம் ஆண்டில்தான் அது சட்டத்தால் முற்றிலும் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, அடிமை நிலையிலிருந்த மாணவியர் சிலர் ரேந்தை விற்று ஈட்டிய பணத்தைக் கொண்டு தம் விடுதலையைப் பெற்றனர் என்று அக்கால மிஷன் வரலாறுகள் குறிப்பிடுகின்றன.

தைத்த மேலாடைக்கும் இம்மண்ணில் ஒரு வரலாறு உண்டு. பல சமூகங்களைச் சேர்ந்த பெண்களுக்கு மேலாடை அணியும் உரிமை மறுக்கப்பட்டிருந்தது. 1822 முதல் 1859 வரை இவ்வுரிமைக்கான போராட்டம் பல கட்டங்களாக நடைபெற்றது. குப்பாயம் எனப்பட்ட தைத்த சட்டையை அணியலாமா என்பதே அப்போராட்டத்தின் நடுவில் நின்ற வினாக்களுள் ஒன்று. 1859 சூலை 26ஆம் நாள் வெளியான அரசு அறிவிப்பு நாடார் பெண்கள் மேற்சட்டை அணிவதை ஏற்றது; எனினும், உயர்சாதியினர் எனப்பட்ட பெண்களைப் போல் உடுத்துவதற்கு இருந்த தடையை அது நீக்கவில்லை. ஒரு சட்டையை வெட்டவும் தைக்கவும் அறிந்திருத்தல், அக்காலப் பெண்களுக்குத் தொழிலாக மட்டுமன்றித் தன்மதிப்பாகவும் இருந்தது.

3. துளைவழிப் படியெடுத்தல்

ரேந்தைப் பின்னலுக்கும் மாதிரி இன்றியமையாதது. தடித்த அட்டையில் பூவும் கொடியும் சிறு துளைகளாகக் குத்தப்பட்டிருக்கும். அவ்வட்டையை உருண்டையான தலையணைமீது பொருத்தி, துளைதோறும் குண்டூசி செருகி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவர். ஊசிகள் பலமுறை ஏறி இறங்குவதால் துளைகள் அகன்றுவிடும். பின்னலும் ஒழுங்கு கெடும். ஆகவே, அட்டை தேய்வதற்குமுன் அதனைப் படியெடுப்பர். புதிய அட்டையின்மேல் பழைய அட்டையை அசையாமல் இருத்தி, ஒவ்வொரு துளையிலும் ஊசியை நேராகக் குத்த வேண்டும். பின்னர்ப் பழைய அட்டையைப் பார்த்து, நூல் செல்லும் வழியை மையால் வரைய வேண்டும். ஒரு துளை விடுபட்டாலும் பூவின் இதழ் ஒன்று கூடாமல் போகும்.

பூத்தையல் செய்வோரும் இம்முறையைச் சிறிது மாற்றிப் பயன்படுத்துகின்றனர். மெல்லிய தாளில் வரைந்த பூவேலையின் கோடுகள்மீது நெருக்கமாக ஊசித்துளை இடுவர். தாளைத் துணிமேல் பரப்பி, மண்ணெண்ணெயில் குழைத்த நீலப்பொடியைப் பஞ்சால் தடவினால், துளைகளின் வழியே புள்ளிகள் துணியில் இறங்கும். வேலை முடிந்ததும் தாளைத் துடைத்து உலர்த்தி வைத்தால், அதே தாளை மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம்.

4. ஆடை மாதிரியைப் படியெடுக்கும் முறை

முதலாவதாக, பழைய மாதிரியின் மடிப்புகளை நீக்க வேண்டும். அதன்மேல் மெல்லிய துணியை விரித்து, மிதமான சூட்டில் நீர் தெளிக்காமல் இஸ்திரி இடலாம்.

இரண்டாவதாக, புதிய தாளின்மேல் மாதிரியைப் பரப்பிப் பளுவான பொருள்களை வைக்க வேண்டும். குண்டூசி குத்தினால் தாள் கிழியக்கூடும்.

மூன்றாவதாக, கூர்மையான பென்சிலை நிமிர்த்திப் பிடித்து விளிம்பை வரைய வேண்டும். உள்ளே அமைந்த கோடுகளைப் பல்சக்கரத்தை உருட்டிக் கீழ்த்தாளில் பதிக்கலாம்.

நான்காவதாக, குறிகள் அனைத்தையும் மாற்றி எழுத வேண்டும். இழை செல்லும் திசை, மடிப்பில் வைக்க வேண்டிய விளிம்பு, டார்ட் பிடிக்கும் இடம், இரு உறுப்புகள் பொருந்துவதற்கான வெட்டுக்குறி, எத்தனை துண்டுகள் வெட்ட வேண்டும் என்னும் எண்ணிக்கை ஆகியன அவை. தையலுக்காக விடும் ஓரம் மாதிரியில் சேர்க்கப்பட்டுள்ளதா, இல்லையா என்பதைத் தவறாமல் எழுதுதல் வேண்டும். இக்குறிப்பு இல்லாவிடில், பின்னர் எடுத்துப் பயன்படுத்துவோர் ஓரத்தை இருமுறை சேர்ப்பர். அல்லது சேர்க்காமலே வெட்டிவிடுவர்.

ஐந்தாவதாக, படியைச் சரிபார்க்க வேண்டும். முன்பாகத்தின் பக்கக்கோடும் பின்பாகத்தின் பக்கக்கோடும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, கையின் வளைவு கைக்குழியில் அமைகிறதா என அளந்து பார்த்த பின்னரே பழைய தாளை எடுத்துவைக்க வேண்டும்.

5. தாய்ப்படியும் தொழிற்படியும்

படியிலிருந்து படியெடுத்தால் பிழை பெருகும். பென்சில் கோடு ஒவ்வொரு முறையும் விளிம்பிலிருந்து 1 மில்லிமீட்டர் வெளியே செல்வதாகக் கொள்வோம். ஒரு படியிலிருந்து அடுத்த படி என ஐந்து முறை எடுத்தால், ஒரு விளிம்பில் 5 மில்லிமீட்டர் கூடிவிடும். சட்டையின் இரு பக்கத் தையல்களிலும் சேரும் விளிம்புகள் நான்கு. ஆகவே, உடலின் சுற்றளவில் 20 மில்லிமீட்டர், அதாவது 2 சென்டிமீட்டர் மிகும். எவரும் தவறாக அளக்கவில்லை. எனினும் சட்டை பொருந்தாது.

ஏட்டுச்சுவடிகளிலும் இவ்வாறே நிகழ்ந்தது. ஏடுபெயர்த்து எழுதுவோரின் சிறு பிழைகள் அடுத்தடுத்த படிகளில் தொடர்ந்து பாடவேறுபாடுகளாயின. 1887ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், பல சுவடிகளைத் தேடித் திரட்டி ஒப்பிட்டே உரிய பாடத்தைத் துணிந்தார்.

இக்குறை நேராமலிருக்க, சரிபார்த்த மாதிரி ஒன்றைத் தாய்ப்படியாகத் தனியே வைத்தல் வேண்டும். அதனைத் துணிமேல் வைத்து வெட்டக் கூடாது. அதிலிருந்து எடுத்த தொழிற்படியையே அன்றாட வேலைக்குப் பயன்படுத்த வேண்டும். தொழிற்படி தேய்ந்தால் அதனைப் பார்த்து வரையாமல், தாய்ப்படியிலிருந்தே புதிய படியை எடுக்க வேண்டும்.

6. பாதுகாக்கும் முறை

நம் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் உண்டு. ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். ஈரத்தால் தாளில் பூஞ்சை படரும். கறையானும் இராமபாணப் பூச்சியும் தாளை அரிக்கும். எனவே, மாதிரிகளைத் தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைத்தல் ஆகாது.

செய்தித்தாள் எளிதில் கிடைப்பினும் தாய்ப்படிக்கு ஏற்றதன்று. மரக்கூழில் எஞ்சிய பொருள்களால் அது சில ஆண்டுகளில் மஞ்சளாகி நொறுங்கும். தடித்த பழுப்புத்தாள் மேலானது. கிழிசலின்மேல் ஒட்டுநாடா ஒட்டினால், அதன் பசை நாளடைவில் கறையாகும். கிழிசல் பெருகும்முன் புதிய படி எடுத்தலே நன்று. இரும்புக் குண்டூசியும் கிளிப்பும் ஈரத்தில் துருப்பிடிக்கும். துண்டுகளை நூலால் கட்டி வைக்கலாம்.

சிறிய மாதிரிகளை உறைகளிலும், பெரியவற்றைக் குழாயில் சுருட்டியோ துளையிட்டுக் கயிற்றில் தொங்கவிட்டோ வைக்கலாம். மீண்டும் மீண்டும் மடித்தால் மடிப்பில் தாள் கிழியும். உறையின்மேல் ஆடையின் பெயர், உடலளவு, துண்டுகளின் எண்ணிக்கை, வரைந்த நாள், துணியின் அளவு ஆகியவற்றை எழுத வேண்டும். உலர்ந்த வேப்பிலையோ வசம்போ இட்ட சிறு துணிப்பையை அலமாரியில் வைப்பது பழைய வழக்கம். மழைக்காலம் தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் மாதிரிகளை வெளியே எடுத்து, நிழலில் காற்றாட விட்டுப் பார்த்தல் வேண்டும்.

கேரளத்தில் 1998இல் தொடங்கப்பெற்ற குடும்பசிறீ இயக்கத்தின் வழியே பெண்கள் பலர் குழுவாகத் தையல் தொழில் செய்கின்றனர். குழுவில் நன்கு வெட்டத் தெரிந்த ஒருவர் வராத நாளிலும் வேலை நின்றுவிடக் கூடாது. குறிகள் நிறைந்த தாய்ப்படி ஒன்று அலமாரியில் இருந்தால், மற்றொருவர் அதனைக் கொண்டு வெட்டலாம். புதிதாகச் சேர்ந்தவரும் அதனைப் பார்த்துக் கற்கலாம். ஒருவர் அறிந்ததைப் பலரின் பிழைப்பாக மாற்றும் ஆற்றல் அத்தாளுக்கு உண்டு.

சொற்பொருள்

படி – நகல்
தாய்ப்படி – பிற படிகளுக்கு மூலமாகிய படி
ரேந்தை – லேஸ் பின்னல்
குப்பாயம் – தைத்த மேற்சட்டை
பாடவேறுபாடு – ஒரே நூலின் படிகளுக்கிடையே காணும் சொல் வேறுபாடு
இராமபாணப் பூச்சி – தாளையும் ஏட்டையும் அரிக்கும் பூச்சி

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. பல உடலளவுகளில் காகித மாதிரிகளைத் தயாரித்து விற்கத் தொடங்கியவர் ________.
2. திருவிதாங்கூரில் அடிமை முறை முற்றிலும் ஒழிக்கப்பட்ட ஆண்டு ________.
3. அன்றாட வெட்டு வேலைக்குப் பயன்படுத்த வேண்டியது ________.

ஆ. பொருத்துக.
1. பல்சக்கரம் – துளையிட்ட அட்டை
2. ரேந்தை – ஏட்டுச்சுவடி
3. நீலப்பொடி – உட்கோடு பதித்தல்
4. பாடவேறுபாடு – பூத்தையல்

இ. பிரித்து எழுதுக.
தையற்கலை, தாய்ப்படி, வேப்பிலை, ஓலைச்சுவடி

ஈ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ரேந்தை அட்டையை ஏன் அவ்வப்போது படியெடுக்க வேண்டும்?
2. தையல் ஓரம் பற்றிய குறிப்பு இல்லாவிடில் நேரும் பிழைகள் யாவை?
3. செய்தித்தாள் தாய்ப்படிக்கு ஏற்றதன்று. ஏன்?

உ. ஒரு பத்தியளவில் விடை எழுதுக.
1. ஏடுபெயர்த்து எழுதுதலையும் ஆடை மாதிரியைப் படியெடுத்தலையும் ஒப்பிடுக.
2. தென்திருவிதாங்கூர்ப் பெண்களின் வாழ்வில் ஊசியும் நூலும் பெற்ற இடத்தை விளக்குக.

ஊ. கணக்கிடுக.
ஒவ்வொரு படியிலும் ஒரு விளிம்பில் 2 மில்லிமீட்டர் கூடுகிறது. படியிலிருந்து படியாக மூன்று முறை எடுத்த மாதிரியில் தைத்த சட்டையின் சுற்றளவு எவ்வளவு மிகும்?

எ. செயல்பாடு
உங்கள் ஊரிலுள்ள தையற்கலைஞர் ஒருவரைச் சந்தித்து, அவர் மாதிரிகளை எவ்வாறு வைத்துள்ளார் எனக் கேட்டறிக. அவர் பயன்படுத்தும் தொழிற்சொற்கள் பத்தினைத் தொகுத்து, தமிழிலும் மலையாளத்திலும் அவை வழங்கும் முறையை அட்டவணைப்படுத்துக.