கையால் பின்னும் பரிசு: பச்சைப் பிள்ளைக்கு ஒரு கம்பளித் தொப்பி



லயத்தில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்துவிட்டால் அடுத்த காம்பராக்களில் எல்லாம் ஒரே பேச்சுத்தான்: "வெறுங்கையோட எப்படிப் போறது?" சம்பள நாளுக்கு இன்னும் பத்து நாள் இருக்கும். கடையில் கடன் எழுதி ஒரு சட்டையோ பவுடர் டின்னோ வாங்கிப் போவார்கள். கொடுத்தது மறந்துபோகும், கடன் மட்டும் கணக்குப் புத்தகத்தில் நிற்கும். நலன்புரி வேலையாக லயம் லயமாகப் போகும் நாங்கள் இதை அடிக்கடி பார்க்கிறோம்.

கடன் படாமல், கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் மனம் நிறையும் பரிசு ஒன்று உண்டு. அது நம் கையாலேயே பின்னிய பொருள். இந்த இதழில் ஒரு கொக்கி ஊசியும் ஒரு நூல் உருண்டையும் கொண்டு பச்சைப் பிள்ளைக்குத் தொப்பி பின்னும் முறையைப் படிப்போம்.

ஏன் தொப்பி?

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் அங்கே கொழுந்து கருகும் அளவுக்கு உறைபனி விழுவதுண்டு. பெரியவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குளிரைச் சமாளிப்போம். பச்சைப் பிள்ளையால் அது முடியாது. அதன் உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, ஆகவே தலை வழியாக நிறையச் சூடு வெளியேறும். 2,500 கிராமுக்குக் குறைந்த எடையில் பிறக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். தோட்டங்களில் அப்படிப்பட்ட பிள்ளைகள் அதிகம் பிறப்பதை நாம் அறிவோம். ஆகவே இந்தச் சின்னத் தொப்பி வெறும் அலங்காரம் அல்ல.

பின்னல் பிழைக்க வைத்த கதை

அயர்லாந்து என்ற நாட்டில் 1845ஆம் ஆண்டு உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. கிழங்கையே நம்பியிருந்த ஏழைக் குடும்பங்கள் பல ஆண்டுகள் பஞ்சத்தில் வாடின. அந்தக் காலத்தில் கன்னியர் மடங்களிலும் ஊர்களிலும் பெண்களுக்குக் கொக்கி ஊசியால் லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார்கள். அதை விற்ற காசில் பல குடும்பங்கள் அடுப்பை எரித்தன.

"இது பொம்பளைங்க வேலை" என்று சொல்லும் ஆண்களுக்கும் ஒரு செய்தி. தென் அமெரிக்காவில் பெரு நாட்டிலே, நம் மலைகளை விட மிக உயரத்தில் டிட்டிக்காகா என்ற ஏரி உண்டு. அதிலுள்ள தக்கீலே தீவில் ஊசிப் பின்னல் ஆண்களின் வேலை. பையன்கள் சிறு வயதிலேயே பழகுவார்கள். ஒருவர் திருமணமானவரா இல்லையா என்பதை அவருடைய பின்னல் தொப்பியைப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்தத் தீவின் நெசவு, பின்னல் கலையை 2005இல் யுனெஸ்கோ சிறப்பித்தது.

தேவையான சாமான்கள்

1. 4 மில்லிமீற்றர் கொக்கி ஊசி ஒன்று.
2. நடுத்தரத் தடிப்புள்ள நூல். 50 கிராம் உருண்டை ஒன்று தாராளமாகப் போதும்.
3. கத்தரிக்கோல், பெரிய கண்ணுள்ள தையல் ஊசி, அளவு நாடா.

மிருதுவான நூலையே வாங்குங்கள். கன்னத்தில் உரசிப் பாருங்கள், குத்தினால் வேண்டாம். அக்ரிலிக் நூல் கழுவ இலேசு, ஆனால் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். விறகடுப்புப் பக்கத்தில் இந்த நூலையும் வைக்க வேண்டாம், தொப்பி போட்ட பிள்ளையையும் வைத்திருக்க வேண்டாம்.

மூன்று கைவேலைகள்

சங்கிலி: நூலில் ஒரு சுருக்குக் கண் போட்டு ஊசியில் மாட்டுங்கள். நூலைக் கொக்கியில் பிடித்து அந்தக் கண்ணுக்குள்ளால் இழுங்கள். இது ஒரு சங்கிலி.

இணைப்பு: ஊசியைப் பின்னலுக்குள் விட்டு நூலைப் பிடித்து, பின்னலுக்குள்ளாலும் ஊசியிலுள்ள கண்ணுக்குள்ளாலும் ஒரே இழுவையில் எடுங்கள்.

தூண்: நூலை ஊசியில் ஒரு தரம் சுற்றுங்கள். ஊசியைப் பின்னலுக்குள் விட்டு நூலை இழுங்கள், ஊசியில் 3 கண்கள் இருக்கும். மறுபடி நூலைப் பிடித்து 2 கண்களுக்குள்ளால் இழுங்கள். இன்னொரு தரம் நூலைப் பிடித்து மீதி 2 கண்களுக்குள்ளாலும் இழுங்கள்.

முதல் இரண்டு நாள் இவற்றை மட்டும் பழகுங்கள். கோணலாக வந்தால் கவலை வேண்டாம். இழுத்தால் அவிழும், நூல் வீணாகாது.

தொப்பி பின்னும் முறை

4 சங்கிலி போட்டு, முதல் சங்கிலியோடு இணைத்து வளையமாக்குங்கள்.

1ஆம் சுற்று: 3 சங்கிலி போடுங்கள். இது ஒரு தூணாகக் கணக்கு. வளையத்துக்குள் இன்னும் 11 தூண் போட்டு இணையுங்கள். மொத்தம் 12. ஒவ்வொரு சுற்றையும் இப்படியே 3 சங்கிலியில் தொடங்கி இணைப்பில் முடிக்க வேண்டும்.

2ஆம் சுற்று: ஒவ்வொரு தூணின் தலையிலும் 2 தூண். மொத்தம் 24.

3ஆம் சுற்று: ஒன்றின் தலையில் 1, அடுத்ததில் 2, இப்படி மாறி மாறி. மொத்தம் 36.

4ஆம் சுற்று: இரண்டு தூண்களின் தலையில் ஒவ்வொன்று, மூன்றாவதில் 2. மொத்தம் 48.

இப்போது வட்டத்தை நாடாவால் அளங்கள். குறுக்களவு சுமார் 10 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். சிறிதாக இருந்தால் கை இறுக்கம், சற்றுத் தளர்த்திப் பின்னுங்கள். பெரிதாக இருந்தால் கொஞ்சம் இறுக்குங்கள்.

5ஆம் சுற்று முதல்: ஒவ்வொரு தூணின் தலையிலும் 1 தூண் மட்டும். வட்டம் தானாகக் கீழே வளைந்து கிண்ணம் போல வரும். உச்சியிலிருந்து விளிம்பு வரை 13 அல்லது 14 சென்ரிமீற்றர் வந்ததும் நூலை வெட்டி இழுத்து முடியுங்கள். மிஞ்சிய நுனியைத் தையல் ஊசியால் உட்பக்கம் ஓட்டி மறைத்துவிடுங்கள்.

ஒரு வயதுப் பிள்ளைக்கு என்றால் 5ஆம் சுற்றில் மூன்று தூண்களின் தலையில் ஒவ்வொன்றும் நான்காவதில் 2ம் போட்டு 60 ஆக்குங்கள். உயரம் 17 சென்ரிமீற்றர் வரை வரட்டும்.

கவனிக்க வேண்டியவை

• பொத்தான், மணி, நாடா வேண்டாம். பொத்தான் வாய்க்குள் போகும், நாடா கழுத்தை இறுக்கும்.
• கொடுக்கும் முன் ஒரு முறை கழுவுங்கள். முறுக்கிப் பிழியாமல் துணியில் சுருட்டி அழுத்தி, நிழலில் பரப்பிக் காய விடுங்கள். அசல் ஆட்டுக் கம்பளி நூலைச் சுடுதண்ணீரில் போட்டால் சுருங்கிவிடும்.
• பிள்ளைக்கு வியர்த்தால் தொப்பியைக் கழற்றுங்கள். உறங்கும்போது அது முகத்தில் சரியக்கூடும், அப்போதும் கழற்றுவதே நல்லது. எடை குறைந்த பிள்ளைக்கு மிட்வைப் அம்மா சொல்கிறபடி செய்யுங்கள்.
• மங்கல் வெளிச்சத்தில் பின்ன வேண்டாம். நாள் முழுக்கக் கொழுந்தெடுத்த கை அது, மணிக்கட்டு வலித்தால் அன்றைக்குப் போதும்.

"நமக்கு எங்கங்க நேரம்?"

இப்படிக் கேட்பவர்கள் பலர். நியாயமான கேள்விதான். மலையிலிருந்து வந்தால் தண்ணி புடிக்கணும், சோறாக்கணும், புள்ளைங்களைப் பார்க்கணும். ஒரே மூச்சில் முடிக்கச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு சுற்று போதும், இரண்டு வாரத்துக்குள் தொப்பி முடிந்துவிடும். பாதியில் வைத்துவிட்டு மறுநாள் எடுத்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இஸ்தோப்பில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து பின்னிப் பாருங்கள். பேச்சும் நடக்கும், வேலையும் நடக்கும். தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டுவார். மலையில் நாம் பறிப்பதைத் தராசு நிறுக்கிறது. கிலோ குறைந்தால் அரைப்பேர் ஆகிவிடுமோ என்ற பயம் இருக்கிறது. இந்தப் பின்னலை யாரும் நிறுப்பதில்லை. எத்தனை தூண் என்று எண்ணுவதும் நாமே, யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வதும் நாமே. இந்த வேலையின் பெரிய சந்தோசம் அதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

உங்கள் லயத்தில் அடுத்துப் பிறக்கப்போகும் பிள்ளை யார் வீட்டில் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பிள்ளையை மனதில் வைத்து முதல் 4 சங்கிலியை இன்றைக்கே போடுங்கள். சந்தேகம் வந்தால் ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.