‘ஓவர்ரீச்’: சாதனையா, சறுக்கலா?

திருவாலங்காட்டுப் பையன் ஒருவன் வேலைக்கான விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். விற்பனைப் பிரிவில் இரண்டு வருட அனுபவம். எல்லாம் ஒழுங்காக இருந்தது. நடுவில் ஒரு வரி மட்டும் என்னைத் திடுக்கிட வைத்தது: ‘ஐ ஓவர்ரீச்டு மை டார்கெட்.’ இலக்கைத் தாண்டிச் சாதித்தேன் என்று சொல்லத்தான் நினைத்திருக்கிறான். படிக்கிற அதிகாரிக்கோ, இவன் சக்திக்கு மீறி எதிலோ இறங்கிக் கெடுத்துக்கொண்டவன் என்ற எண்ணம்தான் முதலில் வரும்.

“ஓவர்னா அதிகம்தானே சார்?” என்றான்.

இங்கே பெரும்பாலோரின் நம்பிக்கை இதுதான். ஓவர்டைம் பார்த்தால் கூடுதல் சம்பளம், ஓவர்டேக் செய்தால் முந்திப் போகிறோம். அதனால் ஓவர் எங்கே ஒட்டிக்கொண்டாலும் பெருமைதான் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் லாரியில் ஓவர்லோட் ஏற்றினால் என்ன நடக்கும்? அபராதம் கட்ட வேண்டும், அச்சும் முறியும். ஓவர்ரீச் இந்த லாரியின் இனம். எட்டிப் பிடிப்பது, உயர்ந்து நிற்பது என்ற பழைய நேர்ப்பொருளும் அகராதியில் உண்டு. ஆனால் இன்று ஆங்கிலம் படிப்பவர் காதில் முதலில் விழுவது தீங்குதான். பையனுக்குத் தேவைப்பட்ட சொல் ‘எக்சீடட்’.

இந்தச் சொல்லைப் புரியவைக்க குதிரைக்காரர்கள் பேச்சைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. குதிரை பாய்ந்து ஓடும்போது பின்னங்காலை அளவுக்கு மீறி முன்னே வீசிவிட்டால், அந்தக் குளம்பு தன் முன்னங்காலின் குதியிலேயே போய் மோதும். தோல் கிழியும், குதிரை நொண்டும். அதற்குப் பெயர் ஓவர்ரீச். அந்தக் காயத்தைத் தடுக்க முன்னங்கால்களில் மணி வடிவ ரப்பர் உறை மாட்டுகிறார்கள். வேறு யாரும் அடிக்கவில்லை, குழியில் விழவும் இல்லை. தன் கால் தன்னையே வெட்டுகிறது. இந்த வினைச்சொல் பல இடங்களில் ‘தன்னையே’ என்ற பொருள்தரும் சொல்லைத் துணைக்குச் சேர்த்துக்கொள்வதை இதோடு வைத்துப் பாருங்கள்.

இதற்குத் தமிழ் தேடி அலைய வேண்டியதில்லை. ‘அகலக்கால் வைக்காதே’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதையேதான். திருக்குறளில் வலியறிதல் என்று ஓர் அதிகாரமே இதற்காக இருக்கிறது. கிளையின் நுனிவரை ஏறிவிட்டவன் அதற்கும் மேலே போக முனைந்தால் உயிர் போகும் என்கிறது 476-வது குறள். ஏறியது தப்பில்லை, அதற்கு மேல் முனைந்ததுதான் தப்பு.

அடுத்த நம்பிக்கை எங்கள் பக்கத்தது. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான ரத்தின சபை திருவாலங்காட்டில் இருக்கிறது. அங்கே கோயிலைச் சுற்றிக் காட்டும் ஒருவர், வெளியூர்க்காரர்களிடம் ‘காளி ஓவர்ரீச் பண்ணித் தோற்றாள்’ என்று சொன்னதைக் காதாரக் கேட்டேன். தலபுராணம் அப்படிச் சொல்லவில்லை. சிவனும் காளியும் ஆடுகிறார்கள், ஒருவருக்கொருவர் சளைக்கவில்லை. கீழே விழுந்த தன் காதணியைச் சிவன் கால்விரலால் எடுத்து, காலை உச்சிக்குத் தூக்கிக் காதிலே மாட்டுகிறார். ஊர்த்துவ தாண்டவம் அது. காளி அதை ஆட முயலவே இல்லை. நாணித் தலைகுனிந்து நின்றுவிட்டாள். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து நின்றவளை எப்படி அந்தச் சொல்லால் சுட்டுவது? வெறும் தோல்வி வேறு, அகலக்கால் வேறு. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வருகிறது.

வட எல்லைக்காகப் போராடிய ம.பொ.சி.யைப் பற்றியும் இப்படிச் சொல்வதுண்டு. 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போனது. திருப்பதி வரை வேண்டும் என்று அவர் போராடினார். எல்லைத் தகராறில் படாஸ்கர் அளித்த தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது, திருப்பதி கிடைக்கவில்லை. பெரிதாகக் கேட்டார், சிறிது கிடைத்தது. கேட்டது அவரையே கவிழ்த்துவிடவில்லை. இதுவும் ஓவர்ரீச் ஆகாது.

ஆனது எது என்றால், சென்னையின் அர்பத்நாட் கம்பெனி. ஜனங்கள் நம்பிப் போட்ட வைப்புப் பணத்தைச் சுரங்கம், ஊக வணிகம் என்று எட்டாத இடங்களில் எல்லாம் இறைத்தார்கள். 1906 அக்டோபரில் கம்பெனி கவிழ்ந்தது. ஓய்வூதியத்தையும் வாழ்நாள் சேமிப்பையும் அங்கே வைத்திருந்த குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்த அடியிலிருந்து பிறந்ததுதான் 1907-ல் தொடங்கிய இந்தியன் வங்கி. ஓவர்ரீச்சுக்கு, தன்னை விட்டு அடுத்தவரைச் செயப்படுபொருளாக்கினால் ‘ஏமாற்றுதல்’ என்ற பழைய பொருளும் உண்டு. அந்தக் கம்பெனியின் கதைக்கு இரண்டு பொருளும் பொருந்துகின்றன.

பத்திரிகைகளில் நீதிமன்றச் செய்திகளில் வரும் ‘ஜுடிஷியல் ஓவர்ரீச்’ வேறு சங்கதி. அங்கே பேச்சு சக்தியைப் பற்றியதல்ல, அதிகார எல்லையைப் பற்றியது. அரியானாவில் ஒரு கோல்ஃப் கிளப் தோட்டக்காரர்களுக்காக டிராக்டர் ஓட்டுநர் பணியிடங்களை உருவாக்கக் கீழ் நீதிமன்றங்கள் உத்தரவிட்டன. பணியிடம் உருவாக்குவது நீதிமன்றத்தின் வேலையல்ல என்று 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. இதற்கு ‘வரம்பு மீறல்’ என்று எழுதலாம், அகலக்கால் என்று எழுதினால் பொருந்தாது.

பையன் என் எதிரிலேயே அந்த வரியை அடித்துவிட்டு ‘எக்சீடட்’ என்று எழுதினான். பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் கிடைத்தது சொல்லுக்கு எதிரே ஒற்றை அர்த்தம் எழுதிய பட்டியல் மட்டும்தான். ஆசிரியர்களே, ஒரு சொல்லைக் கொடுக்கும்போது அது உட்காரும் வாக்கியத்தையும் சேர்த்துக் கொடுங்கள். முதல் தலைமுறையாக ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதும் பிள்ளைகள் அந்த ஒரு வரியை நம்பித்தான் வேலைக்குப் போகிறார்கள்.