நொச்சிக்குக் கேட்கும் வலி

செம்பனைத் தோட்டத்து வலி தனி ரகம். நீளக் கம்பில் மாட்டிய அரிவாளை அண்ணாந்து பார்த்து இழுக்கிறவருக்குக் கழுத்தும் தோளும் பிடித்துக்கொள்ளும். குனிந்து உதிரிப்பழம் பொறுக்கும் பெண்களுக்கு இடுப்பு. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் 1917இல் உருவானது எங்கள் கோல சிலாங்கூர் வட்டாரத்தில்தான். அப்போதிருந்தே இந்த வலியும் இங்கே இருக்கிறது.

சுங்கை செம்பிலாங் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள் நான். வேலியோரம் நின்ற நொச்சிதான் எங்களுக்கு முதல் மருந்து. பாட்டி இரண்டு கைப்பிடி இலையை இரும்புச் சட்டியில் கொஞ்சம் விளக்கெண்ணெய் விட்டு வதக்குவார். இலை சுருண்டு வாடை மூக்கில் ஏறியதும் பழைய வேட்டித்துணியில் முடிவார். முடிச்சை முதலில் தன் முழங்கையின் உள்பக்கம் வைத்துப் பார்ப்பார். அங்கே சுட்டால் இன்னும் ஆற வேண்டும். அப்புறம்தான் தாத்தாவின் தோள்பட்டைக்குப் போகும். மலாய்க்காரர்கள் சோற்றில் சேர்க்கும் லெமுனி, நொச்சிக்கு நெருங்கிய உறவு.

என் கணிப்பில் பாதி நிவாரணம் சூட்டாலும் பாட்டியின் கைப்பக்குவத்தாலும் வந்தது. அதில் இலைக்கு ஒரு குறைவும் இல்லை. வேலை செய்து இறுகிப்போன தசைக்கு அந்தச் சூடுதான் வேண்டும். ஆனால் இனிப்புநீர் உள்ளவர்களின் பாதத்தில் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் கண்ட பிறகுதான் தெரியும்.

எல்லா வலிக்கும் ஒத்தடம் கேட்காது. கால் பிசகினால் முதல் இரண்டு நாள் ஐஸ். உருவவும் கூடாது, சூடும் கூடாது. ஊன்றி நடக்கவே முடியாவிட்டால் எக்ஸ்ரே. பல்வலிக்குக் கிராம்பு கேட்கும், அதிலுள்ள யூஜினால் மரத்துப்போகச் செய்யும். சொத்தை அப்படியேதான் இருக்கும். வாய்வுக்கு ஓமத்தண்ணீர் போதும். வலி அடிவயிற்றின் வலப்பக்கம் இறங்கிக் காய்ச்சலும் வந்தால் குடல்வாலாக இருக்கலாம். அப்போது விளக்கெண்ணெய் கொடுப்பது ஆபத்து. நெஞ்சை அழுத்தும் வலிக்குத் தைலம் தேடாதீர்கள், 999ஐ அழையுங்கள்.

நான் பயப்படுவது இலைகளுக்கு அல்ல, பசார் மாலாமில் விற்கும் முட்டிவலி மாத்திரைக்கு. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு அக்கா மெச்சிக்கொண்டார். சில மாதத்தில் முகம் உப்பி, சர்க்கரை ஏறிவிட்டது. டாக்டர் மாத்திரையைப் பார்த்ததும் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றார். இப்படிக் கலப்படம் செய்த மருந்துகளைப் பற்றிச் சுகாதார அமைச்சு அடிக்கடி எச்சரிக்கிறது. பதிவுபெற்ற பாரம்பரிய மருந்தின் பெட்டியில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கி, எட்டு இலக்கம் வந்து, பின்னால் ‘டி’ (T) என்ற எழுத்து இருக்கும். அது இல்லையா, விற்கிறவர் சொந்தக்காரராகவே இருந்தாலும் வாங்காதீர்கள்.

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மஞ்சள், இஞ்சி, பூண்டு இவற்றை மருந்தாகக் கூடுதலாக எடுப்பதற்குமுன் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். திட்டுவார் என்று மறைக்கிறவர்கள்தான் நம்மில் அதிகம். இரண்டு மூன்று நாள் ஒத்தடத்துக்கும் கேட்காத வலியோடு வீட்டில் கிடக்காதீர்கள். அரசாங்க கிளினிக்கில் நம் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான் கட்டணம்.