வலிக்காத கட்டியை விட்டுவைக்காதீர்கள்!



வயலில் வேலை செய்யும்போது காலில் முள் குத்துகிறது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறோம். "முள்ளு குத்தினதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கா போவாங்க?" என்பீர்கள். எல்லா முள்ளும் நோய் தராது. ஆனால் மண்ணிலுள்ள சிலவகைப் பூஞ்சைக் கிருமிகள் அந்தச் சிறு காயத்தின் வழியே தோலுக்கடியில் புகுந்துவிடலாம்.

மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்துக்கூட, அங்கே கெட்டியான கட்டி எழும்பும். பெரும்பாலும் வலி இராது. அதனாலேயே அசட்டையாக இருந்துவிடுகிறோம். பிறகு கட்டியில் துளைகள் விழுந்து, சீழோடு கறுப்பு அல்லது வெள்ளைக் குருணைகள் வரும். முற்றினால் எலும்பை அரிக்கும்; காலையே எடுக்க நேரிடலாம்.

1842-இல் டாக்டர் கில் என்பவர் மதுரையில் இந்நோயைக் கண்டு எழுதினார். அதனால் இதற்கு 'மதுரைக் கால்' என்று பெயர் வந்தது.

இது ஒட்டுவாரொட்டி அல்ல. கணவருக்கு வந்தால் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ தொற்றாது. பாயைத் தனியே போட வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. காட்டுக்கும் வயலுக்கும் செருப்பில்லாமல் போகாதீர்கள்.

2. முள்ளை எடுத்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

3. கட்டியை நீங்களே கீறாதீர்கள், பச்சிலை கட்டாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

4. இதே போன்ற கட்டி பாக்டீரியாவாலும் வரும். அதற்கு மருந்து வேறு. ஆகவே சோதனை அவசியம்.

5. மருந்தை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டிவரும். "சரியாப் போச்சு" என்று நடுவில் நிறுத்தாதீர்கள். கர்ப்பமாயிருந்தால் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்றிரவே விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் பாதத்தை மற்றவர் பாருங்கள். கட்டி சிறிதாயிருக்கும்போதே காட்டினால் கால் பிழைக்கும், குடும்பமும் பிழைக்கும்.