பாறையின் வயதும் வளத் திட்டமும்

தெலங்கானா மாநிலத் தலைநகரான ஹைதராபாத்தின் வடகிழக்கே உள்ளது குஷாய்குடா. ஒரு காலத்தில் சிற்றூராக இருந்த இப்பகுதி, இன்று குடியிருப்புகளும் தொழிற்கூடங்களும் நிறைந்து மாநகரோடு இணைந்துவிட்டது. 1967-இல் நிறுவப்பட்ட இந்திய மின்னணுக் கழகமும், 1971-இல் தொடங்கப்பெற்ற அணு எரிபொருள் வளாகமும் இதன் அண்மையில் அமைந்துள்ளன. இவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் கருங்கற்பாறையின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். இந்த எண் எவ்வாறு பெறப்படுகிறது, புவியின் வரலாற்றில் இப்பாறைக்குரிய இடம் யாது, அதனை அறிவதால் திட்டப் பணிகளுக்கு என்ன பயன் என்னும் மூன்று வினாக்களும் மாணவர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும் ஒருங்கே உரியவை.

முன்னும் பின்னும்

நிலவியலில் காலக்கணக்கு இருவகைப்படும். ஒரு பாறை மற்றொன்றுக்கு முந்தியதா, பிந்தியதா என்று கூறுவது முதல் வகை. அது இத்தனை ஆண்டுகளுக்கு முன் தோன்றியது என்று எண்ணால் கூறுவது இரண்டாம் வகை. முதல் வகையே காலத்தால் மூத்தது. நீரின் அடியில் படியும் மண்ணடுக்குகளில் கீழுள்ளது முந்தியது, மேலுள்ளது பிந்தியது என்னும் விதியை டென்மார்க் நாட்டு அறிஞர் ஸ்டெனோ 1669-இல் வெளியிட்டார். ஒவ்வோர் அடுக்கிலும் அதற்கே உரிய தொல்லுயிர்ப் படிவங்கள் உள்ளன என்பதைக் கால்வாய்ப் பணிகளின்போது கண்டறிந்த வில்லியம் ஸ்மித், அந்த அடிப்படையில் இங்கிலாந்தின் நிலவியல் வரைபடத்தை 1815-இல் வெளியிட்டார். தொலைவிலுள்ள இரு இடங்களின் அடுக்குகளை ஒப்பிட்டு ஒரே காலத்தவை என்று துணிய இதனால் வழி பிறந்தது.

தமிழ்நாட்டின் அரியலூர் வட்டாரம் இம்முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பிளான்ஃபோர்டு, அங்குள்ள கடற்படிவுகளை 1860-களில் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அவற்றில் கிடைத்த அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டு உயிரினங்களை ஐரோப்பியப் படிவங்களோடு ஒப்பிட்டதன் பயனாக, அவை கிரெட்டேசியக் காலத்தவை எனத் தெளிவாயிற்று. ஆயினும் அக்காலம் எத்தனை ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பதை அன்று எவராலும் உறுதியாகக் கூற இயலவில்லை.

கதிரியக்கக் கடிகாரம்

அவ்வினாவுக்கு விடையளித்தது கதிரியக்கத்தின் கண்டுபிடிப்பாகும். யுரேனியம் போன்ற தனிமங்களின் அணுக்கள் மாறாத ஒரு வேகத்தில் சிதைந்து வேறு தனிமங்களாகின்றன. தொடக்கத்தில் இருந்த அணுக்களில் பாதி சிதைவதற்கு ஆகும் காலம் அரை ஆயுட்காலம் எனப்படும். யுரேனியம்-238 சிதைந்து காரீயம்-206 ஆகிறது; இதன் அரை ஆயுட்காலம் 447 கோடி ஆண்டுகள். யுரேனியம்-235 சிதைந்து காரீயம்-207 ஆகிறது. இதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகள்.

கருங்கற்பாறை உருகிய நிலையிலிருந்து குளிர்ந்து இறுகும்போது அதில் சிர்கான் என்னும் நுண்ணிய படிகங்கள் உருவாகின்றன. சிர்கான் தன் அமைப்பில் யுரேனியத்தை ஏற்கும். காரீயத்தைப் பெரும்பாலும் ஏற்காது. எனவே பின்னாளில் அதில் காணப்படும் காரீயம், உள்ளிருந்த யுரேனியம் சிதைந்து உண்டானதே எனக் கொள்ளலாம். 250 கோடி ஆண்டு வயதுடைய படிகத்தில் யுரேனியம்-238 நூற்றுக்கு 68 பங்கு எஞ்சியிருக்கும். யுரேனியம்-235 நூற்றுக்கு ஒன்பது பங்குக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கும். ஒரே படிகத்தினுள் வெவ்வேறு வேகத்தில் ஓடும் இவ்விரு கடிகாரங்களும் ஒரே வயதைக் காட்டுமாயின், அம்முடிவை நம்பலாம். அவை முரண்படுமாயின், படிகம் இடையில் காரீயத்தை இழந்திருக்கலாம் என்பது புலனாகும்.

ஆர்தர் ஹோம்ஸ் 1913-இல் எழுதிய நூல் இம்முறைக்கு அடித்தளமிட்டது. கிளேர் பாட்டர்சன் 1956-இல் விண்கற்களின் காரீயத்தை ஆராய்ந்து, புவியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என நிறுவினார்.

இங்கு ஓர் இயைபு குறிப்பிடத்தக்கது. அணு எரிபொருள் வளாகம் கையாளும் முதன்மையான பொருள்கள் யுரேனியமும் சிர்க்கோனியமும் ஆகும். எரிபொருளை அடைக்கும் குழாய்களுக்கு வேண்டிய சிர்க்கோனியம், கடற்கரை மணலிலுள்ள சிர்கானிலிருந்தே பிரித்தெடுக்கப்படுகிறது. இதற்கென இவ்வளாகத்தின் பிரிவு ஒன்று தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் 2009 முதல் இயங்குகிறது. தொழிலுக்கு மூலப்பொருளாகும் அதே கனிமம் ஆய்வாளருக்குக் கடிகாரமாகவும் பயன்படுகிறது.

காலப் பகுப்பு

புவியின் வரலாறு நான்கு பேரூழிகளாகப் பகுக்கப்படுகிறது. தொடக்கம் முதல் ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை ஹேடியன். அதன்பின் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை ஆர்க்கியன். பின்னர் சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை புரோட்டரோசோயிக். அன்று முதல் இன்று வரை பேனரோசோயிக். இறுதிப் பேரூழி தொல்லுயிர், இடையுயிர், புத்துயிர் என மூன்று ஊழிகளாகவும், அவை மேலும் பல காலங்களாகவும் பிரிகின்றன. ஹைதராபாத் கருங்கல், ஆர்க்கியன் முடிந்து புரோட்டரோசோயிக் தொடங்கும் எல்லையை ஒட்டி அமைகிறது.

இவ்வெல்லைகளைச் சர்வதேச அமைப்புகள் ஆய்ந்து முடிவு செய்கின்றன. உலகில் ஒரு குறிப்பிட்ட இடத்திலுள்ள பாறையடுக்கில் எல்லையைச் சுட்டுவது வழக்கம். இன்று நடைபெறும் காலப்பிரிவுக்கு 2018-இல் மேகாலயன் எனப் பெயர் சூட்டப்பட்டது. மேகாலயாவின் மாவ்ம்லூ குகையிலுள்ள சுண்ணாம்புப் படிவில், ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை நலிந்ததன் அடையாளம் பதிந்திருப்பதே இதற்குக் காரணம். மனிதச் செயல்களின் பெயரால் புதிய காலம் ஒன்றை வகுக்க வேண்டுமென்ற முன்மொழிவு 2024-இல் ஏற்கப்படவில்லை.

எல்லாக் காலமும் எல்லா இடத்திலும் பதிவாவதில்லை. ஹைதராபாத்துக்கு மேற்கே விகாராபாத் பகுதியில் கருங்கல்லின் மேல் தக்காண எரிமலைக் குழம்புப் பாறை படிந்துள்ளது. இதன் வயது சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 240 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு அங்கே பாறையாக எஞ்சவில்லை.

வயதும் வளமும்

நிலக்கரி, புதையுண்ட தாவரங்களிலிருந்து உண்டாவது. நிலத்தில் காடுகள் தோன்றி நாற்பது கோடி ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஆகவே 250 கோடி ஆண்டுப் பாறையில் நிலக்கரி தேடுவது வீண் செலவாகும். கோதாவரிப் பள்ளத்தாக்கின் கோண்டுவானா அடுக்குகளோ பெர்மியன் காலத்தவை. அங்கே இல்லெந்து அருகில் 1871-இல் வில்லியம் கிங் கண்டறிந்த நிலக்கரியே பின்னாளில் சிங்கரேணிச் சுரங்கங்களுக்கு வித்தாயிற்று. அரியலூரின் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல்லைத் தந்தது கிரெட்டேசியக் கடல். கோலார், ஹட்டித் தங்கமோ 250 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட தார்வார்ப் பாறைகளுக்கு உரியது. வயது ஒன்றே வளத்துக்கு உறுதியளிக்காது. ஆனால் எதை எங்கே தேடக்கூடாது என்பதை அது தெளிவாக உணர்த்தும்.

குஷாய்குடா போன்ற பகுதிகளின் உடனடித் தேவை தண்ணீர். இறுகிய கருங்கல்லில் மணற்பாறையைப் போல நீர் தேங்கும் துளைகள் இல்லை. நெடுங்காலம் வெயிலும் மழையும் தாக்கிச் சிதைந்த மேலடுக்கிலும், அதன் கீழுள்ள வெடிப்புகளிலுமே நீர் தங்குகிறது. தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமும் பிரெஞ்சு ஆய்வாளரும் ஹைதராபாத்துக்குத் தெற்கே மகேஸ்வரம் பகுதியில் மேற்கொண்ட ஆய்வுகள், நீர் கடத்தும் வெடிப்புகள் பெரும்பாலும் மேற்பகுதியிலேயே செறிந்திருப்பதைக் காட்டின. ஆழம் கூடக் கூட அவை அருகுகின்றன. ஆதலின் ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழப்படுத்துவதால் செலவு உறுதியாக ஏறும். நீர் உறுதியாகக் கிடைக்காது. ஒரு குடும்பம் தன் சேமிப்பையும், ஓர் உள்ளாட்சி தன் குடிநீர் ஒதுக்கீட்டையும் வறண்ட துளையில் இழப்பது இவ்வாறே.

இத்தகைய நிலத்தில் ஏரிகளைக் காப்பதும், மழைநீரை மேலடுக்கில் செலுத்துவதும், எடுக்கும் நீரை மழையளவுக்கு உட்படுத்துவதுமே பயன்தரும் வழிகளாகும். குடிநீர்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளிக்கும் அலுவலர், மதிப்பீட்டுத் தாளுடன் அப்பகுதியின் நிலவியல் வரைபடத்தையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். வரைபடத்தில் பாறையின் பெயருக்கு அருகே குறிக்கப்படும் காலப்பெயர் வெறும் அலங்காரமன்று. பொதுப்பணம் எங்கே பலன் தரும், எங்கே வீணாகும் என்பதற்கான முதற்குறிப்பு அதுவே.