களாப்பழம் பறிக்கும் பருவம் எது?

கேள்வி: மேல்நாட்டார் முட்புதரில் கரும்பழம் பறித்து உண்பதாகக் கதைகளில் படிக்கிறோம். எங்கள் பக்கத்துச் செம்மண் மேட்டில் காய்க்கும் களாவும் அந்த ஜாதிதானா? அது எங்கிருந்து வந்தது? எப்போது பறித்தால் ருசிக்கும்?
– ஒரு வாசகி, பெரிய முதலியார்சாவடி

பதில்: ஜாதி வேறு. தாங்கள் கதைகளில் படித்த கரும்பழமான பிளாக்பெர்ரி ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. களாவோ அலரிக் குடும்பத்தது என்பதற்கு, காம்பைக் கிள்ளியவுடன் கசியும் வெண்பாலே சாட்சி. முள்ளும் கருமையுமே இரண்டுக்கும் பொது.

களா வேறெங்கிருந்தும் வந்ததன்று. பாரத பூமிக்கே உரிய செடி. ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரியான லின்னேயஸ் 1767இல் அதற்குச் சாஸ்திரப் பெயர் சூட்டுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, முடிசூடும் வேளையில் தனக்குரிய கண்ணியும் முடியும் பகைவர் வசம் இருந்தமையால் களங்காயால் கண்ணியும் நாரால் முடியும் புனைந்துகொண்டதாகச் சொல்லப்படும் சேரன், களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரல் என்னும் பெயரோடு பதிற்றுப்பத்தின் நான்காம் பத்துக்குத் தலைவனாகிவிட்டான். புறநானூற்றில் ஆய் அண்டிரனைப் பாடிய முடமோசியாரோ, யாழின் கரிய கோட்டுக்குக் களங்கனியையே உவமையாக்கினார். மன்னனுக்குக் காய் உதவிற்று. புலவருக்குக் கனி உதவிற்று.

நமக்கும் இரண்டும் உதவும். கோடையில் மணமுள்ள வெண்பூக்கள் பூத்து, பச்சையாய்ப் பிஞ்சு பிடித்து, ஒரு புறம் மட்டும் ரோஜா வர்ணம் ஏறி, பின்னர் முழுதும் சிவந்து, ஆனி ஆடி மாதங்களில் கருநீலமாய் முதிரும். ஊறுகாய்க்குப் பச்சைக் காயே உகந்தது. அதைப் பிளந்து, விதை நீக்கி, உப்பு நீரில் ஊறவைத்துப் பால் போன பிறகு பீங்கான் ஜாடியில் இடவேண்டும்; அதற்கு மரக்காணத்து உப்பளங்களின் கல்லுப்பு தங்களுக்கு அருகிலேயே கிடைக்கும். சிவந்த பழத்தில் புளிப்பு மிகுதியாதலின் அது ஜாம் காய்ச்சத் தக்கது. அப்படியே தின்ன விரும்பினால், நன்கு கறுத்து, விரல் பட்டதும் மெத்தென்று அமுங்கி, இழுக்காமலே காம்பை விட்டுக் கழலும் பழத்தையே எடுக்கவேண்டும். இழுத்தால்தான் வருமென்றால் அது இன்னும் பக்குவமாகவில்லை.

கிளைக்கணு தோறும் நீண்ட முட்கள் உண்டு. ஆகவே ஒரு கவைக்கோலால் கிளையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் பறிப்பதே சௌகரியம். பழச்சாறு துணியில் கறையாகும். பழைய சேலை உடுத்திச் செல்லுங்கள். அலரிக் குடும்பத்தில் நஞ்சுள்ள செடிகளும் பல இருப்பதால், களா என்று நிச்சயமாய்த் தெரியாத பழத்தை மட்டும் குழந்தைகள் வாயிலிட விடாதீர்கள்.