உல்சான் போகிறவர்களுக்குப் பயண நேரக் கணக்கு

தண்டலத்தை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாயின் சான்ட்ரோ கார் தயாராகத் தொடங்கியதிலிருந்து, இந்தப் பக்கத்துத் தொழிலாளர் வீடுகளில் உல்சான் என்ற பெயர் பழக்கமானது. ஹூண்டாயின் மிகப் பெரிய ஆலை இருக்கும் தென்கொரிய நகரம் அது. அங்கே பயிற்சிக்குப் போகும் இளைஞர்கள் கைபேசியில் தேடினால், சென்னையிலிருந்து சியோலின் இன்சியோன் விமான நிலையத்துக்குச் சுமார் 5,300 கி.மீ., ஆறு ஆறரை மணி நேரம் என்று வரும். வழியில் எங்கும் இறங்காமல் பறந்தால் ஆகும் கணக்கு அது. வீட்டு வாசலிலிருந்து உல்சான் விடுதி வரை ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகும்.

செய்ய வேண்டியவை

• எந்த ஊர் வழியாகப் போகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். சிங்கப்பூர் வழி என்றால் 2,900 கி.மீ., பிறகு 4,600 கி.மீ. பறக்கும் நேரமே பத்து மணி நேரத்தைத் தாண்டும். இடையில் காத்திருப்பது தனி.

• நேரம் முழுவதையும் இந்தியக் கடிகாரத்தில் கணக்கிடுங்கள். பயணச்சீட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். கொரியா நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். இரவு 11.30-க்குப் புறப்பட்டு மறுநாள் மாலை 5 மணிக்கு இறங்கினால் பதினேழரை மணி நேரம் போலத் தெரியும்; உண்மையில் 14 மணி நேரம். திரும்பும்போது இது தலைகீழாகும்: சீட்டில் நேரம் குறைவாகத் தெரியும், ஆனால் மேலே மேற்கிலிருந்து வீசும் காற்றை எதிர்த்து வருவதால் பெரும்பாலும் கூடுதலாகவே பறக்க வேண்டியிருக்கும்.

• மீனம்பாக்கம் முப்பது கிலோமீட்டர்தானே என்று இருந்துவிடாமல், சாலைக்கே இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஷிப்ட் மாறும் வேளையில் கம்பெனி பஸ்களும் கண்டெய்னர் லாரிகளும் சேர்ந்தால் பூந்தமல்லியைக் கடப்பதே பெரும்பாடு. விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே உள்ளே இருக்க வேண்டும்.

• பூசான் நகரின் கிம்ஹே விமான நிலையத்துக்குச் சீட்டு கிடைக்குமா என்று கேளுங்கள். வெளிநாட்டு விமானங்கள் வரும் நிலையங்களில் உல்சானுக்கு அதுதான் பக்கம். இன்சியோனில் இறங்கினால் சியோலுக்கு ஒரு ரயில், அங்கிருந்து அதிவேக ரயிலில் இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

செய்யக்கூடாதவை

• நள்ளிரவு விமானத்தின் தேதியைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வெள்ளி 00.40 என்றால் வியாழன் மாலையே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். வெள்ளி இரவு போய் நின்றால் விமானம் ஏறக்குறைய ஒரு நாள் முன்பே போயிருக்கும்.

• விலை குறைகிறதென்று இரண்டு தனித்தனிச் சீட்டுகள் வாங்காதீர்கள். நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி பதிய வேண்டிவரலாம். அதற்காக வெளியே வர சிங்கப்பூரில் இந்தியர்களுக்கு விசா வேண்டும். முதல் விமானம் தாமதமானால் அடுத்த நிறுவனம் பொறுப்பேற்காது. ஒரே பி.என்.ஆர். எண்ணில் இரண்டும் இருக்கட்டும்.

• இதைப் பயணம் ஏற்பாடு செய்யும் அதிகாரிகளுக்குச் சொல்கிறேன்: போய்ச் சேர்ந்த மறுநாள் காலையிலேயே பையன்களை ஆலைக்குள் அனுப்பாதீர்கள். அங்கே காலை 8 மணி என்பது அவர்கள் உடம்புக்கு விடியற்காலை 4.30. விமானத்தில் சரியாகத் தூங்கியிருக்கவும் மாட்டார்கள். அந்த நிலையில் பிரஸ் மெஷின் பக்கமோ வெல்டிங் ரோபோ பக்கமோ யாரையும் நிறுத்தக்கூடாது. முதல் முழு நாளை விடுதியிலும் வகுப்பறையிலும் கழிக்கவிட்டு, அதற்கடுத்த நாள் ஷாப்புக்குள் அழைத்துப் போகலாம்.